ஒன்பதாவது துவாய்

இடியப்பம் அவிக்கிற சட்டியை மேல் தட்டிலிருந்து இறக்கியபோது இரத்தினம்மாவின் தலையில் ஒரு கரப்பொத்தான் பூச்சி விழுந்தது.

விழுந்தால் விழட்டும். இன்றைக்கு அந்த மனுசனின் முகத்தை வழிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அவள் ஒரு முடிவோடு நின்றாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் இப்போது யார் வீட்டில் இடியப்பம் அவிக்கிறார்கள்? பிளாட்டை விட்டு இறங்கினால் கடை. சட்டி நாலைந்து வருசமாகச் சும்மா கிடந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, அடியில் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றினாள். முகம் துடைக்கிற வெள்ளைத் துவாயை நனைத்து, ஒரு சொட்டும் மிஞ்சாமல் முறுக்கிப் பிழிந்து, சுருட்டித் தட்டின் மேல் வைத்து மூடினாள்.

அவள் புருசன் கனகசபாபதி சேவ் எடுக்காமல் காலைத் தேத்தண்ணியைத் தொடாத மனுசன். காய்ச்சலிலும் எடுப்பார். எண்பத்துமூன்று கலவர நேரம் அகதி முகாமில் கிடந்தபோதும் உடைந்த கண்ணாடித் துண்டொன்றைப் பார்த்து எடுத்தார். அப்படிப்பட்டவர் எட்டு நாளாக, சேவ் எடுக்க முன் முகத்தில் போட அவள் சூடாக நீட்டுகிற துவாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பாப்பம் என்று ஒதுக்கி வைக்கிறார்.

பிழை மைக்ரோவேவில் என்றுதான் முதலில் நினைத்தாள். மகன் கார்த்திகன் போன முறை லண்டனிலிருந்து வந்தபோது வாங்கி வைத்த பெட்டி அது. துவாயின் நடு கொதிக்கும், ஓரம் பச்சைத் தண்ணியாய் இருக்கும். மறுநாள் நேரத்தைக் குறைத்தாள். பிறகு ரைஸ் குக்கரில் வைத்தாள். பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணி ஊற்றிப் பார்த்தாள். மனுசன் ஒன்றுக்கும் மசியவில்லை. நாடியில் வெள்ளை மயிர் முள்ளு முள்ளாய் நின்றது.

நாளை மறுநாள் அவருக்குக் கண் ஒப்பரேஷன். முகத்தை வழித்துத் துப்புரவாக வரவேண்டும் என்று தாதி இரண்டு தரம் சொல்லியிருந்தாள். மனம் பதறக் கூடாது, பிரஷர் ஏறக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை.

அதனால்தான் இரத்தினம்மா ஒரு சங்கதியை நெஞ்சுக்குள் போட்டு மூடி வைத்திருந்தாள்.

லண்டனில் சோதிலிங்கம் செத்துப்போனான். கனகசபாபதியின் ஒரே தம்பி.

"ஒப்பரேஷன் முடியுமட்டும் அப்பாட்ட மூச்சுக் காட்டாதேங்கோ, அம்மா" என்று கார்த்திகன் விடியக் காலையில் போன் எடுத்துச் சொன்னபோது, அவள் குசினிக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் நின்று, எங்கட சோதியோ, சோதியோ என்று கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரித் துவாயைச் சூடாக்கப் போனாள்.

சட்டி ஆவி விடத் தொடங்கியது. அந்த மணத்தில் அவளுக்குக் கொட்டாஞ்சேனை ஞாபகம் வந்தது.

கலியாணம் முடித்து அவள் கொழும்புக்கு வந்தபோது அண்ணனும் தம்பியும் புளோறன்ஸ் அன்ரியின் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்து, ஒரே ரேசர் ஒரே துவாயோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துவாய் அவிப்பது சோதியின் வேலை. சலூனில் கண்டுவந்த வித்தை. அன்ரி காலைப் பூசைக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய இடியப்பச் சட்டியைத்தான் எடுப்பான். ஒருநாள் அன்ரி இடியப்பத்தை வாயில் வைத்துவிட்டு, என்ன இது சவர்க்காரம் மணக்குது என்று கேட்க, சோதி தானும் ஒன்றைத் தின்று காட்டி, மாவில்தான் பிழை என்று சத்தியம் பண்ணினான். அண்ணன்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் மாடிப்படியில் இருந்துவிட்டார். அவர் அப்படி விழுந்து விழுந்து சிரித்ததை இரத்தினம்மா பிறகு கண்டதில்லை.

முகத்தில் போட முன் உங்கட மணிக்கட்டில வைச்சுப் பாருங்கோ அண்ணி என்று அவளுக்குப் பழக்கியதும் அவன்தான்.

கலவரத்துக்குப் பிறகு சோதி லண்டனுக்குப் போனான். பன்னிரண்டு வருசத்துக்கு முன் தாய் செத்தபோது வரவில்லை. லீவு இல்லை என்றான். எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை என்று கனகசபாபதி அன்றைக்குச் சொன்னார். அத்தோடு அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

சொன்னவர்தான். ஆனாலும் கூடப்பிறப்பு. கேட்டால் தாங்குவாரா என்று நாற்பத்தேழு வருசம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை.

துவாயை இடுக்கியால் எடுத்து உதறி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். பதமான சூடு. தட்டில் வைத்துக் கொண்டுபோனாள்.

அவர் பல்கனிக் கதிரையில் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குச் சட்டியில அவிச்சனான், உங்கட பழைய மாதிரி. ஒருக்கா வழியுங்கோவன்."

அவர் துவாயை இரண்டு கையாலும் வாங்கினார். அதன் ஆவியை ஆழமாக மூக்கால் இழுத்தார். அப்பாடா என்று அவள் ரேசரை எடுக்கத் திரும்பினாள்.

"வேண்டாம், இரத்தினம். டொக்டருக்குப் போன் எடுத்துச் சொல்லு, இன்னும் இருபத்திரண்டு நாள் கழிச்சு வாறன் எண்டு."

அவள் நின்றாள். அதென்ன இருபத்திரண்டு?

செத்த வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். அது கழியுமட்டும் உரித்துக்காரர் முகம் வழிப்பதில்லை. லண்டனிலிருந்து போன் வந்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். ஐயோ, துடக்குக்காரனுக்கு அல்லவா அவள் ஒவ்வொரு நாளும் துவாய் சூடாக்கிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறாள்.

"எனக்குக் கண்தான் மங்கல்" என்றார் அவர். "காது கேக்கும்."

அவளுக்கு அழுகையில் வாய் கோணியது.

கனகசபாபதி எழுந்து வந்தார். துவாய் ஆறிப்போக முன் அதை விரித்து, அவளுடைய முகத்தை மெல்ல மூடினார்.

"நீ அழு. அவன் தம்பி இல்லை எண்டு சொன்னது நான்தானே. நீ சொல்லேல்லை."