சொன்ன பேச்சு கேட்ட கை

'இன்றைக்கும் இந்தக் கை நான் சொன்னபடி கேட்கவேண்டும்' என்று தவமணி மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். வேலைவிட்டு வந்ததும் அவளுடைய வலது கையை மடியில் வைத்து, எண்ணெய் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார் கணவர் சிவசாமி.

"கொழுந்து கிள்ளுறதா நெனச்சு என் வெரல கிள்ளு புள்ள."

விரல்கள் அசையவில்லை.

"முப்பது வருசம் மலையில கிள்ளின கை! என்கிட்ட மட்டும் வெக்கப்படுதோ?"

அந்த முப்பது வருடத்தில் அவர் இந்தக் கையைப் பிடித்தது, மணவறையைச் சுற்றியபோது மட்டும்தான்.

இன்று காலை, அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த தேயிலைச் செடியில் இதே விரல்களால் ஒரு பிடி கொழுந்து கிள்ளிப் பார்த்திருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இன்னொருக்கா கிள்ளிப் பாரு."

"இன்னும் முடியலீங்க" என்றாள், கையை அவர் மடியிலேயே விட்டுவிட்டு.