அறுபத்தைந்தாம் பக்கம்

நூலகத்தில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நூலகர் ஷோபனா. புது வரவு அலமாரிக்கு முன்னால் வீரபத்திரன், தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் முழங்கையைப் பிடித்தபடி மகள் தீபா. பேப்பர் மேசையில் தீனதயாளன். காலேஜைப் பாதியில் விட்டவன், ராத்திரி ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்திருந்தான்.

வீரபத்திரன் ஒரு புத்தகத்தை எடுத்தார். அறுபத்தைந்தாம் பக்கத்தைப் பிரித்தார். மூடி, வைத்துவிட்டார்.

அடுத்ததை எடுத்தார். அதையும் வைத்துவிட்டார்.

படித்து முடித்த புத்தகத்தில், அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வேல் வரைவது அவர் வழக்கம். படித்ததையே மறுபடி தூக்கிப் போய்விடாமல் இருக்க. ஊர்க் கோயில் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. அத்தனை பக்கம் எல்லாப் புத்தகத்திலும் இருக்காது என்பதால் அறுபத்தைந்து. இதைச் சிரித்துச் சிரித்து ஊருக்கே சொல்லியிருக்கிறார்.

தீனதயாளனும் படித்ததை நோட்டில் எழுதி வைப்பவன்தான். இதுவரை இருநூற்றுப் பதினாலு புத்தகம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அறுபத்தைந்தாம் பக்கத்தில் அந்த வேல் நிற்கும். எச்சில் தட்டில் சாப்பிடுகிற மாதிரி இருக்கும் அவனுக்கு. போதாததற்கு ஷோபனா, வருகிறவர்களிடமெல்லாம், "ஐயா படிக்காத புக்கு இங்க ஒண்ணும் கிடையாதுங்க" என்பாள். அவனைப் பற்றி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஏழாவது புத்தகத்தையும் வீரபத்திரன் வைத்துவிட்டார்.

"இதுவும் படிச்சதுதாம்மா. ஒரு வரி ஞாபகம் இல்ல."

"பின்னாடி சீட்டைப் பாரு நைனா," என்றாள் தீபா.

கடைசிப் பக்கத்துச் சீட்டில் போன மாதத் தேதி முத்திரை இருந்தது. சீட்டில் தேதிதான் விழும், பேர் இருக்காது.

"ஆங், எடுத்துகினு போயிருக்கேன்," என்றார் அவர்.

தீபா அவருடைய உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்தாள். "கேன்சல் பண்ணிடுங்க மேடம். ஆறு மாசமா, மெட்ராஸ்ல வேலை முடிஞ்சு நான் வர்றப்பல்லாம் வெறுங்கையோட மோட்டுவளையப் பாத்துகினு உக்காந்திருக்காரு. நாளைக்கு வீட்டுக்கு வழி மறந்துட்டா நான் எங்கன்னு தேடுவேன்?"

ஷோபனா தயங்கினாள். "யார் எடுத்தாங்கன்னு ஒரு வாட்டி ரிஜிஸ்டரைப் பாத்துடட்டுமா?"

தீனதயாளனின் கையிலிருந்த பேப்பர் அசையாமல் நின்றது.

"வேணாம்மா," என்றார் வீரபத்திரன். "என் கை எனக்குத் தெரியாதா?"

அது அவர் கை இல்லை. ஆறு மாதமாக, கட்டு பிரித்த அன்றைக்கே புதுப் புத்தகங்களை எடுத்துப்போய்ப் படித்து முடித்து, திருப்பிக் கொடுக்குமுன் அந்த வேல் குறியை வரைந்தவன் தீனதயாளன். சாய்வு சரியாக வருவதற்கு நோட்டில் நாலு பக்கம் வரைந்து பழகினான். கிழவர் பார்த்துவிட்டு வைத்துவிடுவார், புத்தகம் தனக்கு மட்டும் என்று இருக்கும். அவ்வளவுதான் அவன் நினைத்தது.

இப்போது ஒரு வார்த்தை போதும். அவன் பேப்பரைப் புரட்டினான். ஷோபனா எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். மகள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஆறு மாதமாக ஒரு பக்கம் படிக்காத மனுஷனுக்கு இத்தனை உபசாரம். அதற்கும் அவனுக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும், சொல்லிவிடுவோம் என்றுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான். வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு திருப்பத்தில்கூட வழி தப்பாமல் வீரபத்திரன்தான் முன்னால் நடந்தார்.

வாசற்படியில் திரும்பி அவனைப் பார்த்தார்.

"தம்பி, நீ நல்லா படிக்கிற பையனாச்சே. புதுசா வந்ததுல எது நல்லா கீது, சொல்லேன்."

அவனை அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இன்னும் எதுவும் படிக்கலைங்க," என்றான்.

அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார். மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாகிவிட்ட தீபா, கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டு, இழுத்துப் பார்த்தாள்.