எட்டவே நின்ற அண்ணி

"அத்தை பக்கத்துல போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

அண்ணியின் அதட்டல் கூடத்திலிருந்து வந்தது. மடியில் ஏற ஓடிவந்த குழந்தை அறை வாசலிலேயே நின்று, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போனது. தையல்காரியின் கால், மிஷின் பெடலை மிதிப்பதை நிறுத்தியது.

தெரிந்துவிட்டது. அண்ணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

செத்துப்போன புருஷன் அவளுக்கு விட்டுப்போனது இரண்டுதான். ஒரு தையல் மிஷின், ரத்தத்தில் எச்.ஐ.வி. மிஷினை எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மற்றதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தினமும் விழுங்கும் மாத்திரை, நூல்கண்டு டப்பாவின் அடியில் கிடந்தது.

ஊரெங்கும் புதுத் தொற்று பரவியதும் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொன்னாள். "நீ மத்தவங்களைவிட ஜாக்கிரதையா இருக்கணும்மா. கூட்டத்துக்குள்ள போகாதே. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விட்டுடாதே."

அன்றிலிருந்து தோல் உரியும்வரை கை கழுவினாள். தைக்க வரும் துணியை வெயிலில் காயப்போட்ட பிறகே தொட்டாள். தனியாக இருக்கும்போதும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. இந்த அதிகப்படி ஜாக்கிரதைதான் காட்டிக் கொடுத்துவிட்டதோ?

அண்ணி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். கொஞ்ச நாளாக அவள் நடந்துகொள்வதே மாறிவிட்டது. நாத்தனாருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, அப்புறம்தான் அதில் சாப்பாடு போடுவாள். மாஸ்க்கோடு வந்து வாசலில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

தட்டில் ஒட்டுகிற நோயில்லை அண்ணி என்று கத்த வேண்டும்போல இருக்கும். கத்தினால் மறைத்ததெல்லாம் வெளியே கொட்டிவிடும். தொண்டைவரை வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்குவாள்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது.

"இனிமே ஒரே வீட்ல இருந்தா சரிப்படாதுங்க. கடை மாடியில ரூம் காலியா இருக்கு. முதலாளிகிட்ட பேசிட்டேன்."

"குழந்தை ஏங்கிடுமே," என்றான் அண்ணன்.

"ஏங்கினா ஏங்கட்டும். காலையில அவகிட்ட நானே சொல்லிக்கறேன்."

தையல்காரி சுவரோரம் அப்படியே உட்கார்ந்தாள். இந்த நேரத்தில் வெளியே போனால் எங்கே யார் மூச்சு படுமோ? ஒரு காய்ச்சல் வந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்? அண்ணனும் ஒரு வார்த்தை தடுக்கவில்லையே! அழுகை வரவில்லை; நூல்கண்டுகளை எடுத்து டப்பாவில் அடுக்கத் தொடங்கினாள்.

விடிந்ததும் துணிகளையும் நூல் டப்பாவையும் பையில் திணித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அண்ணி மாஸ்க்கோடு வாசற்கதவு ஓரமாக நின்றிருந்தாள்.

"நீங்க சொல்ல வேண்டாம் அண்ணி. நானே போயிடறேன். ஆனா என்கிட்டேருந்து உங்க யாருக்கும் எதுவும் ஒட்டாது. அதை மட்டும் நம்புங்க."

"ஒட்டாதுன்னு எனக்குத் தெரியாதா? மருந்துக் கடைக்காரிகிட்டயே மாத்திரையை ஒளிச்சு வைக்கறியே, நீ வந்த மாசமே பார்த்துட்டேன். நீயா சொல்லுவேன்னு சும்மா இருந்தேன்."

"அப்புறம் ஏன் என்னை..."

"கிட்ட வராதே, அங்கேயே நில்லு!" அண்ணியின் குரல் முதன்முறையாக உடைந்தது. "நாள் பூரா இருமறவங்க நடுவுல உட்கார்ந்துட்டு வர்றேன். கடையில ரெண்டு பேர் படுத்துட்டாங்க. நானோ, என்னையே ஒட்டிக்கிட்டிருக்கிற குழந்தையோ அதை உன்கிட்ட கொண்டுவந்தா உன் உடம்பு தாங்குமா?"

தையல்காரி பையோடு ஒரு அடி பின்வாங்கினாள்.

"பையை உள்ள வை. நான்தான்டி போறேன்."