மஞ்சள் விளக்கு

"என் மகன் இந்தக் காருலதான் செத்தான்."

கமலாம்பிகை இதைச் சொன்னபோது சுலைஹா டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பின் இருக்கையில் அவளுடைய மூன்று வயது மகள் கண்ணாடியில் ஊதி ஊதி விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

சுலைஹாவின் கைகள் தாமாகவே மடியில் இறங்கின.

"யா அல்லாஹ்! எப்பக்கா?"

"அதெல்லாம் கேக்காதம்மா. பிள்ளையை வச்சுக்கிட்டு இதுல போகாத."

காரை விலை பேசிக்கொண்டிருந்த கமலாம்பிகையின் கணவர் விநாசித்தம்பி திரும்பி மனைவியைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன்புவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஒளிக்க ஒண்ணுமே இல்ல டீச்சர்," என்று அவர்தான் ஆரம்பித்திருந்தார். "போன வாரம் மீட்டர்ல மஞ்சளா என்ஜின் விளக்கு எரிஞ்சுச்சு. வர்க்‌ஷாப் பக்கமே போகலலா. என் மகன் வீட்டுலயே பார்த்துட்டான். ஸ்டியரிங்குக்குக் கீழ ரெண்டு ஓட்டையில ஒரு வயரைச் சொருகுனான். விளக்கு மினுக்க ஆரம்பிச்சுச்சு. நான்தான் எண்ணுனேன். நீளமா ரெண்டு, குட்டையா ரெண்டு. நீளம்னா பத்து, குட்டைன்னா ஒண்ணு. இருபத்திரண்டு!"

"அப்படின்னா என்னண்ணே?"

"என்ஜின் சுத்துதான்னு பார்க்குற சென்சர். அது கெட்டா, ஓடிக்கிட்டு இருக்கும்போதே கார் நின்னுடும். ரவுண்டபவுட்டுல ஒருநாள் நின்னுச்சு. நானும் என் சம்சாரமும் உள்ள. பின்னால பஸ்ஸு. சாமி காப்பாத்துச்சு. இப்ப மகன் புது சென்சர் வாங்கி மாட்டிட்டான். பாருங்க, விளக்கே இல்ல. என் பேரை நம்பி எடுங்க."

"அது போதும்ணே. ஸ்கூல் திறந்தா தினமும் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில பத்து காவான்ங்கிற ஊருக்குப் போகணும். இவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும். பாலத்துல நின்னுட்டா, பின்னால வர்ற லாரி நிக்குமா?"

அந்த நேரத்தில்தான் கமலாம்பிகை வீட்டின் பின்னாலிருந்து, துணி துவைத்த ஈரத்தோடு வந்தாள். வலது கை மூடியிருந்தது. கணவரைப் பார்த்தாள். கண்ணாடியில் ஊதிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகுதான் அதைச் சொன்னாள்.

சுலைஹா இறங்கிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வாசல் கேட்டருகே நின்று திரும்பினாள்.

"இதைச் சொல்லாம விக்கப் பார்த்தீங்களேண்ணே."

முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவர் விநாசித்தம்பி. ஆயர் ஈத்தாம் ஊரில் யாரும் அவரை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்தார்.

"என்னடி வாய் அது? பெத்த வாயா? அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், வேலைக்குப் போயிருக்கான். செத்தான்ற!"

கமலாம்பிகை மூடிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அவங்க முஸ்லிம்னு உனக்கு விக்க மனசில்லையா? அதை நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அதுக்குப் பிள்ளையைக் கொல்லணுமா?"

அவள் உள்ளே போனாள். சாமி படத்துக்கு முன்னால் எதையோ வைத்தாள். வெகுநேரம் கைகூப்பி நின்றாள். துணி வாளியிலேயே கிடந்தது.

சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்த மகன் குலசேகரத்தைக் கேட்டிலேயே மறித்தார் விநாசித்தம்பி.

"வாடா. உன்னை இன்னைக்கு உங்கம்மா கொன்னுட்டா."

எல்லாவற்றையும் சொன்னார். "எனக்குச் சாப்பாடு வேணாம்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

குலசேகரம் குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தான். கமலாம்பிகை சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"வெள்ளிக்கிழமை புதுக் கார் வருது. இதை வித்தாத்தான் முன்பணம் கட்ட முடியும். தெரியும்தானேம்மா?"

"தெரியும்."

"இந்த மாசம் வந்து கேட்டது அவங்க ஒருத்தர்தான். அவங்களையும் விரட்டிட்டீங்க." அவன் சோற்றை மீண்டும் பிசைந்தான். "அது போகட்டும். நான் செத்துட்டேன்னு சொல்ல எப்படிம்மா வாய் வந்துச்சு?"

அவள் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தச் சென்சரை மாத்திட்டியா தம்பி?"

"மாத்திட்டேன்லா. அப்பா சொல்லலையா? இனி அந்த விளக்கு எரியவே எரியாது."

"எரியாது," என்றாள் அவள்.

எழுந்து சாமி படத்தருகே போனாள். திருநீற்றுத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவந்து அவன் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

சுண்டுவிரல் நகமளவு ஒரு பல்பு. மீட்டருக்குள் அந்த மஞ்சள் விளக்கில் இருப்பது. திருநீறு ஒட்டியிருந்தது.

"துவைக்கப் போட்ட உன் சட்டைப் பையில இருந்துச்சு. அப்பாக்கிட்ட சொல்லல. சாப்பிடு."