எதிர்க்கடைக் குடைகள்

ஹட்டனில் மழை பிடித்தால் கஜேந்திரனுக்கு வயிறு எரியும்.

எதிரே பாஹிமின் போன் கடை வாசலில் வந்தவர்கள் சாத்தி வைத்திருக்கும் குடைகள்தான் காரணம். இவருடைய கொம்பியூட்டர் கடை வாசலில் தண்ணீர் மட்டும்தான் சொட்டும்.

முன்பெல்லாம் பழைய லெப்டொப் என்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இவரிடம்தான் வருவார்கள். விண்டோஸ் போட்டுக் கொடுப்பார். கடை வாடகையே அந்தக் கூலியில்தான். இப்போது பாஹிம், விண்டோஸுக்குப் பதிலாக பென்குயின் படம் போட்ட லினக்ஸ் என்று ஒன்றைச் சும்மாவே போட்டுக் கொடுக்கிறான். உலகம் பூராவும் இருக்கிறவர்கள் கூடிச் செய்ததாம். வைரஸ் தொல்லை இல்லையாம். கிழட்டு லெப்டொப்பும் எழுந்து ஓடுமாம்.

"அவனுக்குப் போன் வியாபாரம் இருக்கு. எனக்கு இதுதானே சோறு" என்று மனைவி கிருஷாந்தியிடம் புலம்பினார்.

"நீங்களும் அதைப் போடக் கத்துக்கிறதுதானே?"

"அவன் போடுறதையா? நானா?"

அன்று ஜீவராணி நனைந்துகொண்டே வந்தாள். அக்கரப்பத்தனையில் போட்டோகொப்பி கடை வைத்திருப்பவள். லெப்டொப் நன்றாக ஓடுகிறதாம், புதுப் பிரின்டர்தான் அசையவே இல்லையாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து வந்து திரும்பிப் போகிறார்களாம்.

"யாரு போட்டுத் தந்தது?"

"பாஹிம் தம்பிங்க."

கஜேந்திரனுக்கு வாயெல்லாம் பல். "ஓசியில வந்த மாடு உழவா செய்யும்?"

இன்டர்நெட்டில் எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்த வழியைத் தேடிப் பிடித்து, பாதி நாள் மல்லுக்கட்டிச் சரி செய்தார். கூலியும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு டீச்சர், அப்புறம் தொழிற்சங்கத்து ஆபீஸ்காரர், பாஹிம் போட்டுக் கொடுத்த எல்லோருக்கும் அதே பிரின்டர் சீக்குத்தான். வாடகை சேர்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் ஆறவில்லை. அரைகுறையாகப் போடுகிறவனுக்குப் பேர், மிச்சத்தை முடிக்கிறவனை யார் கேட்கிறார்கள்?

நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று ரோட்டைக் கடந்தார்.

உள்ளே பாஹிம் ஒரு பெரியவரிடம் லெப்டொப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் போட்டாச்சுங்க. பிரின்டர் விசயம் மட்டும் எனக்குத் தெரியாது. எதிர்க்கடை கஜேந்திரன் அண்ணன்கிட்ட போங்க. அதுக்கு ஹட்டன்ல அவரை விட்டா ஆளில்ல."

வாசலிலேயே நின்றுவிட்டார் கஜேந்திரன்.

பாஹிமின் முதுகுக்குப் பின்னால், அதே பென்குயின் படம் தெரிந்த அவனுடைய லெப்டொப்பிலிருந்து, ஜீவராணி வாங்கிய அதே ரகப் பிரின்டரில், தாள் தாளாக அச்சாகி விழுந்துகொண்டிருந்தது.