குண்டு அ

அதிரடித் தள்ளுபடி என்ற ஜவுளிக்கடை ஃபிளெக்ஸில் முதல் எழுத்தாக நின்றது குண்டு அ. உருண்டு திரண்ட அகலமான உடம்பு. கூர்முனை ஒன்றுகூடக் கிடையாது. பேருந்தில் பறக்கிறவர் கண்ணிலும் பட்டுவிடும். பட்டு என்ன பயன்? ஒருவரும் நின்று பார்ப்பதில்லை.

அடியில், முகவரி வரியில், ஒரு பொடி அ இருந்தது. "உனக்கென்னக்கா, ஊரே பார்க்குது," என்றது அது.

"பார்த்துட்டுப் போகுது. உன்னைத்தான் கிட்ட வந்து, விரல் வச்சு வாசிக்கிறாங்க. என்மேல ஒரு விரல் பட்டதுண்டா?"

ஆடி முடிந்தது. கட்டட வேலைக்கு வந்த செல்லக்கிளி அந்த ஃபிளெக்ஸைக் கேட்டு வாங்கிப்போய், நாலு கம்பு நட்டு, எழுத்து உள்பக்கம் தெரியக் கூரையாகக் கட்டினாள்.

கீழே தூளியில் கிடந்த அவள் மகள் கண்விழித்ததும் குண்டு அ-வையே பார்த்தாள். கையை நீட்டி, எட்டாத விரலால் அதன் வளைவைக் காற்றில் தடவினாள்.

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதேக்கா," என்றது பொடி அ.

குண்டு அ-வின் முதுகில் வெயில் காய்ந்தது. ஓரமெல்லாம் இற்றுப்போகத் தொடங்கியிருந்தது.

"சூரியனய்யா," என்று அது கெஞ்சியது, "இவ பள்ளிக்கூடம் போய் என்னைக் கத்துக்கிட்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க."