தூக்கிக்கொண்டு ஓடினால் ஆறு

“பெத்தவ செத்துக் கெடக்கா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு, கல்நெஞ்சக்காரி!”

கார்த்திகாவின் காதில் விழட்டும் என்றே சொன்னாள் சித்தி பரிமளா.

கார்த்திகா திரும்பவில்லை. பந்தலில் இருந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா சொர்ணம் பக்கவாதத்தில் விழுந்து கிடந்த நாலு வருசமும் தூக்கி உட்காரவைத்தது, துடைத்துவிட்டது, பீ மூத்திரம் அள்ளியது எல்லாம் இவள்தான். அழ வேண்டியதை அப்போதே அழுதுவிட்டாள். அதை யார் பார்த்தார்கள்?

அண்ணன் அரவிந்த்குமார் விடிகாலையில்தான் அமெரிக்காவிலிருந்து வந்தான். அவனுக்காக அம்மாவை ரெண்டு நாளாக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஐயா காரைவிட்டு இறங்கியதும் கறம்பக்குடியே உருகிப்போனது.

“எம்புட்டுத் தூரத்துலேர்ந்து பறந்து வந்திருக்கான்! புள்ளைன்னா இவன்தான் புள்ள!”

கார்த்திகாவுக்கு வேறு கவலை. “எனக்குக் கொள்ளிய நீதான்டி வைக்கணும்” என்று அம்மா குழறிக் குழறிச் சொல்லி, கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பொம்பளை சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமே இல்லாத ஊர். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

பாடை கட்டி முடிக்க நேரம் இருந்தது. மச்சான் அருள்மணி பேச்சுக் கொடுத்தான்.

“ஏன் மச்சான், அங்கிட்டு முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுறாங்களே, அதுல எப்புடிப் பாயிண்ட் போடுறாங்க?”

கேத வீடு என்பதையே மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தான் அரவிந்த்குமார்.

“கடைசிக் கோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்துட்டா டச் டவுன். ஆறு பாயிண்ட். அப்புறம் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு உதை. அதுக்கு ஒண்ணு.”

“அம்புட்டுத்தானா?”

“ஆரம்பத்துல தலைகீழ் மச்சான். அடிபட்டு மிதிபட்டுக் கொண்டுபோய்ச் சேக்குறதுக்குப் பாயிண்டே கெடையாது. உதைக்க ஒரு சான்ஸ் கெடைக்கும், அவ்வளவுதான். பெறகு அதுக்கு ரெண்டு, உதைக்கு நாலுன்னு வெச்சாங்க. பாடுபடுறவன் ஒருத்தன், கடைசியில வந்து உதைக்கிறவனுக்குப் பேரா? ரெண்டை நாலாக்கி, அஞ்சாக்கி, ஆறாக்கிட்டாங்க. உதைய ஒண்ணாக் கொறைச்சுட்டாங்க. தப்புன்னு தெரிஞ்சா ரூலையே மாத்திருவாங்க. அதான் அமெரிக்கா!”

டீத் தட்டோடு நின்று முழுவதையும் கேட்டாள் கார்த்திகா. நாலு வருசத்தில் முதல்முறையாக அண்ணன் தன்னைப் பற்றிப் பேசியதுபோல் இருந்தது. தைரியம் வந்துவிட்டது.

பாடை தெருமுனைக்கு வந்தது. தாய்மாமன் ராசு கையை நீட்டி மறித்தார்.

“பொம்பளைங்கல்லாம் இங்கிட்டே நின்னுக்கங்க.”

“மாமா, நானும் வாரேன். என்னையத்தான் கொள்ளி வைக்கச் சொல்லுச்சு அம்மா.”

“கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? எங்கயாச்சும் உண்டா இது?”

கார்த்திகா அண்ணனிடம் ஓடினாள். அதுவரை வராத கண்ணீர் அப்போது வந்துவிட்டது.

“அண்ணே, நீயே வையி. ஒன்கூட நானும் ஒரு கை புடிச்சுக்கிறேன். அம்மா கேட்டுச்சுண்ணே. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

கூட்டம் அரவிந்த்குமாரைப் பார்த்தது. அவன் தீச்சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“அழாத கார்த்தி. வீட்டுக்குப் போ. காலங்காலமா இருக்குற ரூலை மாத்துறதுக்கு நாம யாரு?”